கதவு பூட்டு

முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில்
ரீடிங் எடுத்தேன்.
செல்லூர், ஆரப்பாளையம், கடைசியாகத் தத்தனேரி.
எண்களோடு பழகியவன்.
ஜெசிந்தா எக்கோ திரையைத் திருப்பி
இருபத்தெட்டு என்றபோது
எவ்வளவுக்கு என்று மட்டும் கேட்டேன்.
நூற்றுக்கு.
பிறகு,
நல்ல இதயத்துக்கே அறுபதுதான் சார்,
நூறு யாருக்கும் வராது என்றாள்.

முன்சுவர் அசையவில்லை.
அடைத்த குழாயை பலூன் விட்டுத் திறந்துவிட்டார்கள்.
அதற்குள் தசை தழும்பாகியிருந்தது.

பாக்கி கட்டாத வீடுகளில்
எத்தனை ஃபியூஸ் கட்டை பிடுங்கியிருக்கிறேன்.
கம்பத்தில் கரண்ட் இருக்கும்,
வயர் வாசல் வரை வரும்,
உள்ளே விசிறி நின்றிருக்கும்.
செல்லூரில் ஒருத்தி
நின்றுபோன தறியில் கை வைத்தபடி
ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள்.
அவள் பார்த்த இடம்தான்
இப்போது அசையவில்லையோ என்று
பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்.
கிறுக்கா, அது பீடி என்றாள்.

ஆராய்ச்சி என்றார்கள்.
பதினோரு இடத்தில் கையெழுத்து.
இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜை உறிஞ்சி,
அதில் ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்து,
தொடை வழியாக
நெஞ்சுக்கு அனுப்பி வைப்பார்களாம்.
என்னவாக ஆவதென்று
இன்னும் முடிவெடுக்காத செல்கள்.
அறுபத்திரண்டு வயதில் என்னிடம்
அப்படி ஒன்று மிச்சமிருந்ததே ஆச்சரியம்.

பாதிப் பேருக்குச் செல்.
பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர்.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது,
சென்னையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் பீர்முகமது.
கோரிப்பாளையத்தில் டயர் ரீட்ரேடிங்.
தேய்ந்த டயர் மேல்
புது ரப்பர் ஒட்டி வேக வைக்கிற வேலை.
ஒட்டுறது பெரிசில்ல இருளப்பண்ணே,
பழசு அதைப் பிடிச்சுக்கணும் என்றார்.
டாக்டர் அரைமணி நேரம் சொன்னது
அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று ராத்திரி
நாக்கு உப்புக் கரித்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
விடிந்ததும் அவராகவே
தனக்குக் கரித்ததாகச் சொன்னார்.
தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாம் மாதம்
யானைக்கல் பாலத்தை
நிற்காமல் நடந்து கடந்தேன் என்று போன் செய்தார்.
நான் அதே வாரம்
மாட்டுத்தாவணியில் பூக்கடை தாண்டுவதற்குள்
மூன்று முறை நின்றிருந்தேன்.
சரி, செல் அவருக்கு, உப்பு எனக்கு
என்று எழுதிக்கொண்டேன் மனசுக்குள்.
கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆறாம் மாதம் முப்பத்தொன்று.
மூணு கூடியிருக்கு சார் என்ற ஜெசிந்தாவே
ஜெல்லைத் துடைத்தபடி சொன்னாள்:
வேற ஆள் கருவியைப் பிடிச்சாலும்
மூணு கூடும், குறையும்.
எனக்குத் தெரியாததா.
பழைய மீட்டரைச் சாய்ந்து பார்த்தால்
ஏழு, ஒன்றாகத் தெரியும்.
ஒரு குடும்பம் அந்த மாசம்
சந்தோஷமாகச் சாப்பிடும்.

பீர்முகமது பெயருக்கு நேரே
வரவில்லை என்று போட்டிருந்தது.
போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.
கடை ஷட்டர் இறங்கியிருந்தது.
பின்சந்தில் வீடு. பூட்டு.
எதிர்வீட்டுப் பையன்
ஊருக்குப் போயிருப்பாக என்றான்,
எந்த ஊர் என்றால் தெரியவில்லை.

கதவு பூட்டியிருந்தால்
அட்டையில் அப்படியே எழுதி,
போன தடவைக் கணக்கையே போட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.
போன தடவைக் கணக்கு:
பாலத்தைக் கடந்தார், நிற்கவில்லை.
அதையே போட்டுக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

பழக்கதோஷம்.
கேட் ஓரத்து மீட்டருக்குக் குனிந்தேன்.
சின்னச் சிவப்பு விளக்கு
விட்டு விட்டு எரிந்தது.
உள்ளே ஏதோ ஓடுகிறது.
ஃபிரிட்ஜாக இருக்கலாம்,
அணைக்க மறந்த ஒரு பல்பாக இருக்கலாம்.
இடது மணிக்கட்டில் விரல் வைத்து
எண்ணத் தொடங்கினேன்,
விளக்கையா, என்னையா என்று
கணக்கு தப்பும் வரைக்கும்.